ஆதிப்புள்ளி நகர்ந்த காலை

பி.எட். பயிற்சி. பாடத்திட்டம் எண் பதினேழு.
வகுப்பு ஒன்பது. ஆயத்தொலை வடிவியல்.
கற்றல் நோக்கம் என்ற கட்டத்தில்
நேற்றிரவு சமையல்மேடையில் தாளை வைத்து
மூன்று முறை அடித்து எழுதியது:
‘மாணவர் ஒரு புள்ளியின் இடத்தைப்
பிழையின்றிச் சொல்வர்.’

கரும்பலகை வேண்டாம், புதுச்சேரியே வரைபடம் என்று
முப்பத்தொரு பேரைக் காலை ஏழரைக்கு
நேரு வீதிக்குக் கூட்டி வந்துவிட்டேன்.
கடைகளின் ஷட்டர் இன்னும் ஏறவில்லை.
பெரிய வாய்க்கால் தன் வழக்கமான நாற்றத்தோடு
தெற்கு வடக்காகக் கிடந்தது. அது ஒய் அச்சு.
கடலைப் பார்த்து ஓடும் வீதி, எக்ஸ்.
இரண்டும் வெட்டும் பாலத்து முனையில்
ரொசாரியோவை நிறுத்தி
‘நீ பூச்சியம் கமா பூச்சியம், அசையாதே’ என்றேன்.
நெஞ்சை நிமிர்த்தினான்.
பூச்சியம் அவனுக்குப் புதிதில்லை;
ஆனால் இதுவரை யாரும்
அவனிடமிருந்து எண்ணத் தொடங்கியதில்லை.

ஒரு தப்படி ஓர் அலகு.
கடல் பக்கம் கூட்டல், மார்க்கெட் பக்கம் கழித்தல்.
வடக்கே கூட்டல், தெற்கே கழித்தல்.
சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு புள்ளி.
அபிதாவுக்கு மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு.
ஹஸீனாவுக்கு மைனஸ் மூன்று, இரண்டு.
பால் வண்டிக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.
ஒரு நாய் முதலாம் கால்பகுதியில் படுத்துக்கொண்டது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான்
சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்தார்.
‘வேன் திரும்பணும். நகரு தம்பி.’
‘நகர முடியாது சார். நான்தான் ஆதிப்புள்ளி.’
‘எதுவா இருந்தாலும் ஓரமா இரு.’

ரொசாரியோ என்னைப் பார்த்தான்.
நான் வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்தேன்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பையன் இரண்டு தப்படி கிழக்கே போய்
பாலத்தின் மேல் நின்றான்.

அவ்வளவுதான்.
அபிதா நின்ற இடத்தில் நின்றபடியே
மைனஸ் ஐந்தாகிவிட்டாள்.
நாய் தூக்கம் கலையாமல் இரண்டு எண் இழந்தது.
முப்பது பேர் சீட்டை அடித்து எழுத
ஒரே கூச்சல், ஒரே பேனாவுக்கு மூன்று கை.

‘மிஸ், எனக்கும் ஹஸீனாவுக்கும் நடுவுல
அப்பவும் ஆறு, இப்பவும் ஆறுதான்’ என்றாள் அபிதா.
என் பாடத்திட்டத்தில் இது இல்லை.
அடுத்த மாதப் பாடம், அதுவாக வந்து நின்றது.
பாராட்டுவதற்குள் அடுத்த கேள்வி:
‘நெல்லித்தோப்பு எந்தக் கால்பகுதி மிஸ்?’
‘தென்மேற்கு. மூன்றாவது.’
‘ரெண்டுமே மைனஸா? யார் போட்டது?’

வாய்க்காலை எவரோ வெட்டினார்கள்,
அது எனக்கு முந்தைய கணக்கு.
ஆனால் கூட்டல் குறியை எந்தக் கரையில் போடுவதென்று
நேற்றிரவு, ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது,
யோசிக்காமல் முடிவு செய்தது நான்.

‘நான்தான்’ என்றேன்.
அவள் கோபப்படவில்லை. ‘மாத்தலாமா?’ என்றாள்.

வீட்டுப்பாடம் அங்கேயே மாறியது:
அவரவர் வாசல்படி பூச்சியம் கமா பூச்சியம்.
அங்கிருந்து பள்ளிக்கூடம், மார்க்கெட், கடல் குறித்து வா.
முப்பத்தொரு ஆதிப்புள்ளிகள்.
எவரிடமிருந்து எண்ணினாலும்
மார்க்கெட்டுக்கும் கடலுக்கும் தூரம் ஒன்றாக வருகிறதா, பார்.
(வரவில்லை என்றால் தப்படியைச் சந்தேகப்படு.)

வழிகாட்டி ஆசிரியரின் சிவப்பு மை:
‘நேர மேலாண்மை போதாது.
திட்டமிட்ட நோக்கம் எட்டப்படவில்லை.
மாணவர் ஈடுபாடு நன்று.
பொது இடத்துக்கு அனுமதிக் கடிதம் எங்கே?’

எல்லாம் உண்மைதான்.

சாயங்காலம் திருபுவனை பஸ்ஸில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
கண்டக்டர் வந்து எங்கே என்றார், சொன்னேன்.
விரல்விட்டு ஸ்டேஜ் எண்ணினார்
பஸ் ஸ்டாண்டிலிருந்து.
எதிர் பஸ் கண்டக்டர் இதையே
விழுப்புரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்.
சில்லறையை எண்ணாமலே பைக்குள் போட்டேன்.